லாட்ரப்பின் கண்களைப் பார்க்கக் கற்பது எப்படி: தோட்டத்து உதைபந்தாட்டக் கழகங்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாலை நேரத்தில் உதைபந்து ஆடும் பிள்ளைகளுக்கு மெஸ்ஸியையோ ரொனால்டோவையோ யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. லயங்களின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், சுவர்களில் கரித்துண்டால் எழுதப்பட்டிருக்கும் பத்தாம் இலக்கமும் ஏழாம் இலக்கமுமே அதற்குச் சாட்சி. ஆனால், 1998ஆம் ஆண்டிலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஒரு டென்மார்க்காரரை அவருடைய நாட்டிலும் ஸ்பெயினிலும் இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று அவர்களுக்குப் புரிய வைப்பது எளிதான காரியமல்ல. மைக்கல் லாட்ரப் தம் நாட்டுக்காக 104 போட்டிகளில் ஆடி 37 கோல்கள் அடித்தார் என்று சொன்னால், எந்தப் பிள்ளையும் வியந்து நிமிர்ந்து உட்காரப் போவதில்லை. அவருடைய பெருமையில் பெரும்பகுதி மற்றவர்கள் அடித்த கோல்களுக்குள், ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் அவர் கொடுத்த பந்துகளுக்குள் இருக்கிறது. ஆகவே அவரைப் பற்றிச் சொல்வதைவிட, அவரைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே சரியான வழி என்பது எனது உறுதியான எண்ணம்.

எங்கள் தோட்டத்துக் கழகத்தில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்த அனுபவத்தை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான்கு மாலைகளும், மைதானத்தில் சில மணி நேரமும், ஒரு சீ.ஆர். கொப்பியும் இருந்தால் போதும்.

ஆயத்தம்

தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே மாதம் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் எங்கள் பக்கத்து மைதானங்களில் பந்து உருளாது, சேற்றில் குந்திக்கொள்ளும். அந்த மாதங்களைப் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் ஒதுக்குங்கள். ஜனவரி தொடக்கம் சித்திரைப் புத்தாண்டு வரை வெயில் இருக்கும் மாதங்களை மைதானப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் அண்ணன்மார் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் வீடு திரும்புவார்கள் என்பதால், அவர்களையும் சேர்த்துக்கொள்ள அந்தக் காலமே ஏற்றது.

காணொளிகளை அன்றைய மாலையிலேயே தேடிப் பிடித்துவிடலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் கோயில் மேட்டில் நின்றால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மழை பிடித்துவிட்டால் அதுவும் இல்லை, மின்சாரமும் இல்லை. தேவையானவற்றை முன்னதாகவே தரவிறக்கம் செய்து, கைப்பேசிக்கு முழுமையாக சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலையிலிருந்து புரொஜெக்டர் இரவல் கிடைத்தால் வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றைச் சுவரில் கட்டிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் குறையில்லை, கைப்பேசித் திரையில் பார்ப்பதற்கு ஒரு தனிப் பயன் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார வைக்க வேண்டாம். பெண் பிள்ளைகளின் அணி இருந்தால் அவர்களையும் கட்டாயம் அழையுங்கள். எங்கள் கழகத்தில் இந்தப் பயிற்சியை மிக விரைவாகப் பிடித்துக்கொண்டவர்கள் அவர்களே.

முக்கியமான ஓர் எச்சரிக்கை. லாட்ரப்பின் வித்தைகளை மட்டும் வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்த்துத் தயாரித்த தொகுப்புக் காணொளிகளோடு தொடங்க வேண்டாம். முதல் தடவை நான் அந்தத் தவறைத்தான் செய்தேன். பத்து நிமிடங்கள் கைதட்டலும் ஆரவாரமுமாகக் கழிந்தன. மறுநாள் நடந்த போட்டியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் பந்தைத் தட்டிவிட, பந்தெல்லாம் எதிரணியின் காலுக்கே போனது. நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். தொகுப்புக் காணொளி முடிவை மட்டும் காட்டுகிறது. அந்த முடிவுக்கு முன் அந்த ஆட்டக்காரர் என்ன செய்தார் என்பதைக் காட்டுவதில்லை. எனவே இயன்றவரை முழு ஆட்டங்களையோ, குறைந்தது ஓர் ஆட்டத்தில் வெட்டப்படாத இருபது நிமிடங்களையோ தேடி எடுங்கள்.

முதல் மாலை: வாழ்க்கைப் பாதையை ஒரு தாளில் வரைதல்

பழைய கலண்டர் தாளொன்றின் பின்புறத்தில், மலைப்பாதைபோல வளைந்து செல்லும் ஒரு கோட்டை வரைந்து, அவர் ஆடிய கழகங்களை நிலையங்களாகக் குறியுங்கள். அட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் போகும் ரயில் பாதையை அறிந்த பிள்ளைகளுக்கு இந்தப் படம் உடனே புரியும்.

1964 ஜூன் 15ஆம் திகதி கொப்பன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடெரிக்ஸ்பெர்க்கில் அவர் பிறந்தார். தந்தை ஃபின் லாட்ரப்பும் டென்மார்க் தேசிய அணிக்கு ஆடியவர். தம்பி பிரையனும் பின்னாளில் பெரும் ஆட்டக்காரரானார். தேசிய அணிக்காக மைக்கல் முதன்முதலாகக் களமிறங்கியது தமது பதினெட்டாவது பிறந்த நாளில், நோர்வேக்கு எதிராக. பிள்ளைகளில் யாருக்காவது பதினெட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் சற்று நிறுத்துங்கள். அவர்களே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள்.

புரொண்ட்பி கழகத்திலிருந்து 1983இல் இத்தாலியின் ஜுவென்டஸ் அவரை வாங்கியது. ஆனால் அக்காலத்தில் இத்தாலியக் கழகமொன்று இரண்டு வெளிநாட்டவர்களையே வைத்திருக்கலாம் என்பதாலும், ஜுவென்டஸில் ஏற்கெனவே பிரான்ஸின் பிளாட்டினியும் போலந்தின் போனியெக்கும் இருந்ததாலும், அவர் இரண்டு பருவங்களுக்கு லாட்சியோ கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அந்த இரண்டாவது பருவத்தில் லாட்சியோ கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஐரோப்பாவே பேசிய ஒரு இளைஞன் தோற்றுக்கொண்டிருந்த அணியில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தான் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். 1985இல் ஜுவென்டஸுக்குத் திரும்பியதும், அந்த ஆண்டு டிசம்பரில் டோக்கியோவில் ஆர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் அணிக்கு எதிராக நடந்த கண்டங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டியில், ஆட்டம் முடியும் தறுவாயில், கோல் காப்பாளரைத் தாண்டிச் சென்று மிகக் குறுகிய கோணத்திலிருந்து சமநிலை கோலை அடித்தார். பெனால்டிகளில் ஜுவென்டஸ் வென்றது. அப்பருவத்தின் இத்தாலிய லீக்கும் அவர்களுக்கே கிடைத்தது.

1989இல் அவர் பார்சிலோனாவுக்கு வந்தார். யோஹான் குரைஃப் பயிற்றுவித்த, 'கனவு அணி' என்று அழைக்கப்பட்ட அந்த அணியோடு 1991 முதல் 1994 வரை தொடர்ச்சியாக நான்கு ஸ்பானிய லீக் பட்டங்களையும், 1992 மே 20ஆம் திகதி வெம்ப்ளியில் சம்ப்டோரியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று கழகங்களுக்கான ஐரோப்பியக் கிண்ணத்தையும் பெற்றார். அதன் பின் நேரே எதிரியின் வீட்டுக்கு, ரியல் மட்ரிட்டுக்குப் போய், 1995இல் அங்கும் லீக்கை வென்றார். இரண்டு பரம எதிரிக் கழகங்களோடு, இடைவெளியின்றி ஐந்து லீக் பட்டங்கள். பிறகு ஜப்பானின் விஸ்ஸெல் கோபே, கடைசியாக நெதர்லாந்தின் அயாக்ஸ். அங்கும் 1998இல் லீக், கிண்ணம் இரண்டையும் வென்றே விடைபெற்றார்.

இவ்வளவையும் அரை மணி நேரத்துக்குள் சொல்லி முடியுங்கள். பட்டங்களின் பட்டியலைப் பிள்ளைகள் மனனம் செய்ய வேண்டிய அவசியமில்லை. படத்தைச் சுவரில் ஒட்டி வைத்தால் அடுத்த மாலைகளில் அவர்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாம் மாலை: பந்தை மறைத்துப் பார்த்தல்

இந்த மாலைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, அவசரப்படாதீர்கள்.

முதலில் 1986ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், மெக்சிக்கோவில் உருகுவேக்கு எதிராக அவர் அடித்த கோலைக் காட்டுங்கள். டென்மார்க் அன்று ஆறுக்கு ஒன்று என்று வென்றது. அவருடைய அணித்தோழர் எல்கியார் மூன்று கோல்கள் அடித்தார். உருகுவே அணியில் ஒருவர் ஆரம்பத்திலேயே வெளியேற்றப்பட்டு, பத்துப் பேரோடு ஆடினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆயினும், எதிரணியினரை ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு பெட்டிக்குள் நுழைந்து, கோல் காப்பாளரையும் தாண்டிப் பந்தை வலைக்குள் தள்ளும் அந்த ஓட்டத்தில் அவசரம் என்பதே இல்லை. முதல் தடவை அப்படியே ஓடவிடுங்கள். இரண்டாம் தடவை, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கைப்பேசித் திரையில் பந்து போகும் இடமெல்லாம் தன் கட்டைவிரலால் பந்தை மறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் பார்ப்பதன் பயன் இதுதான். பந்து மறைந்தவுடன் கண் வேறு எங்கும் போக முடியாமல் ஆட்டக்காரரின் உடம்புக்கு வந்துவிடுகிறது. தோள் எப்பக்கம் சாய்கிறது, தலை எத்தனை தடவை திரும்புகிறது, எதிரணி வீரர் எந்தக் காலில் பாரத்தை வைத்திருக்கும்போது இவர் வெட்டுகிறார் என்பவையெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். எங்கள் கழகத்தில் இதைச் செய்த முதல் நாள், மூன்றாம் தடவை பார்க்கும்போது பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "சேர், அவரு பந்தப் பாக்கவே இல்லியே!" என்றான். அந்த ஒரு வசனம் யாராவது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரும்வரை காத்திருங்கள். நீங்களாக அதைச் சொல்லிவிட்டால் அதன் பலன் பாதியாகிவிடும்.

அதன் பிறகு பார்சிலோனாக் கால ஆட்டமொன்றை எடுங்கள். அங்கே முன்களத்தில் ஆடிய ஸ்டோய்ச்கோவுக்கும் ரொமாரியோவுக்கும் அவர் கொடுத்த பந்துகளைத் தேடுங்கள். இப்போது விரலால் மறைக்க வேண்டாம். மாறாக, அவர் பந்தைக் கொடுப்பதற்கு மூன்று விநாடிகளுக்கு முன் காணொளியை நிறுத்துங்கள். "இப்போது அவர் எங்கே பார்க்கிறார்? பந்து எங்கே போகும்?" என்று கேட்டு, விடையைக் கொப்பியில் எழுத வையுங்கள். பிறகு ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் அனேகமாக எல்லோரும் பிழையாகவே எழுதுவார்கள், ஏனெனில் அவர் முகம் திரும்பியிருக்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் பந்து போயிருக்கும். அடுத்து, பத்து விநாடிகள் பின்னுக்குப் போங்கள். அங்கேதான் விடை இருக்கிறது: பந்து அவர் காலுக்கு வருவதற்கு முன்னரே, அவர் ஒருமுறை அந்த எதிர்த் திசையைப் பார்த்து முடித்திருப்பார். பார்க்காமல் கொடுத்தார் என்று உலகம் சொல்வது, உண்மையில் முன்கூட்டியே பார்த்துக் கொடுத்ததைத்தான்.

இதைப் புரிய வைக்க நான் பல உவமைகளைத் தேடி அலைந்தேன். கடைசியில் எங்கள் மலையிலேயே அது இருந்தது. அணியில் ஆடும் ஒரு பையனின் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நிரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், சற்றுத் தள்ளி நின்று கவனிக்கச் சொன்னேன். அவருடைய இரண்டு கைகளும் ஒரு செடியின் மேல் மட்டத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டிருக்கும்போது, கண்கள் அந்தச் செடியில் இல்லை; அடுத்த செடிக்குப் போயிருந்தன. கை நிறைந்ததும், திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலாகக் கொழுந்தை வீசினார். ஒரு கொழுந்துகூடக் கீழே விழவில்லை. எல்லாம் முதுகுக் கூடைக்குள் போய் விழுந்தன. பிள்ளைகள் அன்றாடம் கண்டும் காணாமல் விட்ட காட்சி அது. நான் எதுவும் விளக்கவில்லை. லயத்துக்குத் திரும்பும் வழியில், "அம்மாவும் லாட்ரப்பும் ஒண்ணுதான் சேர்" என்று அந்தப் பையனே சொன்னான். உங்கள் தோட்டத்திலும் இதைச் செய்யுங்கள், ஆனால் முன்கூட்டியே அந்த அம்மாவிடமும் கங்காணியிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நிறைக்கு ஏற்பச் சம்பளம் கணக்கிடப்படும் நேரத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் நிரையில் போய் நிற்பது இடைஞ்சலாகிவிடக் கூடாது.

மைதானத்தில்

பார்த்ததைக் காலுக்குக் கொண்டுவர மூன்று பயிற்சிகளைச் செய்யலாம்.

முதலாவது, தலையைத் திருப்பும் பயிற்சி. ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் பந்தை உருட்டிவிடும்போது பின்னால் நிற்பவர் கைவிரல்களில் சிலவற்றை உயர்த்திக் காட்டுவார். நடுவில் நிற்பவர் பந்து வந்து சேர்வதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல்கள் என்று உரக்கச் சொல்லிவிட்டு, பிறகே பந்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் இதைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போனால் நாங்கள் தோற்ற அந்தப் போட்டியின் கதைதான் மீண்டும் நடக்கும்.

இரண்டாவது, கொடுக்கும் பயிற்சி. பந்து வைத்திருப்பவருக்கு இடமும் வலமுமாக இருவர் நிற்க, எதிரில் ஒருவர் தடுக்க வருவார். தடுக்க வருபவர் பந்தையல்ல, கண்களைத்தான் பின்தொடர்கிறார் என்பதைப் பிள்ளை உணர வேண்டும். இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வலக்காலின் வெளிப்பக்கத்தால் வலப்பக்கம் தட்ட வேண்டும். எங்கள் மைதானங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் சரிந்தவை. பந்து தப்பினால் கானுக்குள் விழுந்து, அங்கிருந்து தேயிலை மலைக்குள் உருண்டு போய்விடும். எனவே பந்தை வாங்குபவரை எப்போதும் மேட்டுப் பக்கம் நிறுத்துங்கள். பள்ளத்துப் பக்கம் நிறுத்தினால் பயிற்சி நேரத்தில் பாதி பந்து தேடுவதிலேயே போய்விடும்.

மூன்றாவது, லாட்ரப்பின் பெயரோடு ஒட்டிவிட்ட வெட்டு. ஸ்பெயினில் இதற்கு 'குரோக்கெட்டா' என்று பெயர். நம் ஊர்க் கடைகளின் கட்லட்டுக்குச் சொந்தக்காரனான ஒரு பொரித்த தின்பண்டத்தின் பெயர் அது. எதிரணி வீரர் காலை நீட்டும் கணத்தில், வலக்காலின் உட்பக்கத்தால் பந்தை இடக்காலுக்குத் தட்டி, அதே மூச்சில் இடக்காலின் உட்பக்கத்தால் அதை முன்னோக்கித் தள்ளிவிட்டுக் கடந்து செல்ல வேண்டும். இரண்டு தொடுகைகளுக்கும் இடையில் இடைவெளி இருக்கக் கூடாது. வெறும் சோடாப் போத்தல்கள் இரண்டை ஒரு முழ இடைவெளியில் வைத்து, முதலில் நடந்துகொண்டே செய்யச் சொல்லுங்கள். எல்லோரும் விடும் பிழை, எதிராளி காலை நீட்டுவதற்கு முன்பே வெட்டிவிடுவது. காத்திருக்க வேண்டும், உருகுவேக்கு எதிரான அந்தக் கோலை மீண்டும் ஒருமுறை காட்டினால், அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது தெரியும்.

மூன்றாம் மாலை: இரண்டு கடினமான கேள்விகள்

ஓர் ஆட்டக்காரரைப் பிள்ளைகள் நேசிக்கத் தொடங்கியதும், அவர் குறையே இல்லாதவர் என்று காட்ட நமக்கு ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். லாட்ரப்பின் வாழ்க்கையில் இரண்டு முடிவுகள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. அவற்றைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

முதலாவது 1992. தேசியப் பயிற்றுநர் ரிச்சர்ட் மொல்லர் நீல்சன் அணியை ஆடவைத்த விதத்தில் உடன்பாடில்லாமல், 1990இல் லாட்ரப் தேசிய அணியை விட்டு விலகினார். நாடுகளுக்கிடையிலான 1992 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு டென்மார்க் தகுதி பெறவில்லை. ஆனால் போர் காரணமாக யூகோஸ்லாவியா நீக்கப்பட, கடைசி நேரத்தில் டென்மார்க்குக்கு அழைப்பு வந்தது. முன்பு விலகியிருந்த தம்பி பிரையன் திரும்பி வந்து ஆடினார். அண்ணன் வரவில்லை. டென்மார்க் அரையிறுதியில் நெதர்லாந்தைப் பெனால்டிகளில் வென்று, ஜூன் 26ஆம் திகதி கோதன்பர்க்கில் ஜெர்மனியை இரண்டுக்குப் பூச்சியம் என வென்று கிண்ணத்தைத் தூக்கியது. டென்மார்க் உதைபந்தாட்ட வரலாற்றின் மிகப் பெரிய நாளில், அந்நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மைதானத்தில் இல்லை. அவர் செய்தது சரியா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். எங்கள் கழகத்தில் இந்தக் கேள்வி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. கொள்கைக்காக விலகியவர் பக்கம் சிலரும், அழைப்பு வந்தால் மறந்துவிட்டுப் போய் ஆட வேண்டும் என்று சிலரும் நின்றார்கள். அவர் 1993இல், அதே பயிற்றுநரின் கீழ், மீண்டும் அணியில் சேர்ந்தார் என்பதையும், 1995 ஜனவரியில் ரியாத்தில் ஆர்ஜென்டினாவை வென்று டென்மார்க் பெற்ற ஃபஹத் மன்னர் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் பெனால்டி கோல் அடித்தார் என்பதையும் விவாதம் முடிந்த பிறகே சொல்லுங்கள்.

இரண்டாவது 1994. களத்தில் மூன்று வெளிநாட்டவரே ஆடலாம் என்ற விதியால், கூமன், ஸ்டோய்ச்கோவ், ரொமாரியோ, லாட்ரப் ஆகிய நால்வரில் ஒருவரைக் குரைஃப் எப்போதும் வெளியே வைக்க வேண்டியிருந்தது. ஏதென்ஸில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியில் வெளியே இருந்தவர் லாட்ரப். மிலான் நான்குக்குப் பூச்சியம் என வென்றது. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் மட்ரிட்டுக்குப் போனார். 1994 ஜனவரியில் பார்சிலோனா மட்ரிட்டை ஐந்துக்குப் பூச்சியம் என்று வென்றது. சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரியில், மட்ரிட் பார்சிலோனாவை அதே ஐந்துக்குப் பூச்சியம் என்று வென்றது. இரண்டு ஆட்டங்களிலும் லாட்ரப் வென்ற பக்கத்தில் இருந்தார். பார்சிலோனா மைதானத்துக்கு மட்ரிட் வீரராகத் திரும்பிச் சென்றபோது, முன்பு அவரைக் கொண்டாடிய மக்களே சீழ்க்கையடித்து எதிர்த்தார்கள். பக்கத்துத் தோட்டத்து அணிக்கு மாறிப்போன ஓர் அண்ணனைப் பற்றி உங்கள் பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்தினால், பேச்சு தானாகவே சூடு பிடிக்கும்.

இந்த மாலையில் இன்னொன்றையும் நான் பேசுவதுண்டு. லாட்ரப் ஏதாவதொரு தென்னமெரிக்கச் சேரியில் பிறந்து, வறுமையிலிருந்து வெளியேறப் பந்தைத் தவிர வேறு வழியில்லாமல் வளர்ந்திருந்தால், எக்காலத்துக்கும் மேலான ஆட்டக்காரராகியிருப்பார் என்ற கருத்து குரைஃப் சொன்னதாகப் பரவலாக எடுத்தாளப்படுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் வளரும் பிள்ளைகளுக்கு முன்னால் இந்தக் கருத்தை வைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். வறுமை தன்னளவில் யாரையும் மேதையாக்குவதில்லை. சப்பாத்து இல்லாமலும், மாலைச் சாப்பாடு இல்லாமலும் மைதானத்துக்கு வராமல் போன திறமைசாலிகளை நான் அறிவேன். ஆகவே இக்கருத்தை நான் ஏற்பதில்லை என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். நீங்களும் உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லத் தயங்காதீர்கள்.

நான்காம் மாலை: புகழ் எப்படித் தங்கியது

கடைசி மாலைக்கு 1998 உலகக் கிண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு லாட்ரப் அறிமுகமானது அந்த ஆண்டில்தான். மேல் லயத்து வீடொன்றில், கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் முன், நள்ளிரவு தாண்டிய குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். நைஜீரியாவை நான்குக்கு ஒன்று என்று டென்மார்க் வென்ற ஆட்டத்தில், மாற்று வீரராக உள்ளே வந்த எபே சான்ட்டுக்கு, வந்த சில விநாடிகளிலேயே, எதிரணியின் தலைக்கு மேலாக அவர் தூக்கிக் கொடுத்த பந்து கோலானது. அதைக் காட்டுங்கள். பிறகு காலிறுதியில், நான்ட் நகரில், பிரேசிலிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்ற ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களைக் காட்டுங்கள். முப்பத்து நான்கு வயதில், அணித் தலைவராக, அவர் ஆடிய இறுதி ஆட்டம் அது.

அதன் பின்னும் அவர் ஏன் மறக்கப்படவில்லை என்பதற்குப் பிள்ளைகளையே சான்று தேட வையுங்கள். விருதுகளை விரைவாகச் சொல்லிவிடலாம்: 2004இல் பெலே தேர்ந்தெடுத்த, வாழும் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலில் லாட்ரப் சகோதரர்கள் இருவருமே இடம்பெற்றார்கள், 2006இல் டென்மார்க் உதைபந்தாட்டச் சங்கம் மைக்கலை அந்நாட்டின் எக்காலத்துக்குமான சிறந்த ஆட்டக்காரராக அறிவித்தது. பயிற்றுநராகவும் அவர் 2005இல் புரொண்ட்பிக்கு டென்மார்க் லீக்கையும், 2013இல் வேல்ஸின் சுவான்சி கழகத்துக்கு இங்கிலாந்து லீக் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார்.

ஆனால் விருதுகள் அலுமாரியில் இருப்பவை. அவர் புகழ் உயிரோடு இருப்பது வேறிடத்தில். அந்திரேஸ் இனியெஸ்டாவின் ஆட்டமொன்றை எடுத்து, எந்தப் பெயரையும் சொல்லாமல் ஓடவிடுங்கள். இரண்டு எதிராளிகளுக்கு நடுவே பந்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தட்டிக்கொண்டு அவர் நழுவும்போது, பிள்ளைகள் "குரோக்கெட்டா!" என்று கத்துவார்கள். சிறுவனாக இருந்தபோது லாட்ரப்பை ஆதர்சமாகக் கொண்டு வளர்ந்தவர் இனியெஸ்டா. பார்சிலோனாவை விட்டு 2018இல் அவர் போய்ச் சேர்ந்த கழகமும், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் லாட்ரப் ஆடிய அதே விஸ்ஸெல் கோபேதான். கலண்டர் தாளில் வரைந்த பாதையில் இந்த இரண்டு பெயர்களையும் ஒரே நிலையத்தில் எழுத ஒரு பிள்ளையிடம் பேனாவைக் கொடுங்கள்.

மாலை முடியும் முன், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு விடயத்தை எழுத வேண்டும்: தம் அணியில் இந்த மாதம் அடிக்கப்பட்ட கோல் ஒன்றுக்குப் பந்தைக் கொடுத்தவர் யார், அவர் அதற்கு முன் எங்கே பார்த்தார். கோல் அடித்தவரின் பெயரை எழுதக் கூடாது என்பதே விதி. எங்கள் கழகத்தில் போட்டி முடிந்த ஒவ்வொரு ஞாயிறும் இதைத் தொடர்ந்து எழுதி வருகிறோம். பின்காப்பில் ஆடும், யாரும் கவனிக்காத ஒரு பெண் பிள்ளையின் பெயர் முதல் மாதத்திலேயே ஐந்து தடவை வந்தது. அடுத்த பொங்கல் போட்டிக்கு அவளை நடுக்களத்துக்கு மாற்றினோம்.